கேம் மாற்றப் போய் மூன்று செட் வால்வு ஸ்பிரிங்

நேற்று சாயங்காலம் டேக்கோமீட்டர் முள் நிமிடத்துக்கு 6800 சுற்றைத் தொட்டது. என்ஜின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. மூன்றாம் கியரில் நாலு தடவை ஏற்றிப் பார்த்தேன், நாலு தடவையும் அதே மாதிரி. வண்டியை நிறுத்தி, சூடு முழுக்க ஆறும்வரை காத்திருந்து, ராக்கர் கவரைக் கழற்றி எட்டு வால்வுகளின் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தேன். வைத்த அளவிலேயே இருந்தன. அந்த நிம்மதியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேம் ஷாப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டு, அதை மாற்றும் வேலையைத் தொடங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு புதுக் கேம் போனது, எட்டு டேப்பட் போனது, ஒரு செட் பேரிங் போனது. அத்தனைக்கும் காரணம், வால்வு ஸ்பிரிங்கை நான் தேர்ந்தெடுத்த விதம். நோட்டில் எல்லா அளவும் அன்றன்றைக்கே எழுதி வைத்திருந்ததால் வரிசையாகச் சொல்ல முடிகிறது.

என்ஜின் 1600 சி.சி., நாலு சிலிண்டர், எட்டு வால்வு, வார்ப்பிரும்பு ஹெட். கேம் பிளாக்குக்குள் இருக்கிறது. அங்கிருந்து கேமின் மேல் ஓடும் டேப்பட், அதன் மேல் நிற்கும் புஷ் ராட், நெம்புகோல் மாதிரியான ராக்கர் வழியாக வால்வுக்கு அசைவு போகிறது. டேப்பட் ரோலர் வைத்த வகை இல்லை, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் பழைய வகை. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பழைய கேமில் லோபின், அதாவது தண்டில் உள்ள மேட்டின், லிஃப்ட் (தூக்கும் உயரம்) 5.8 மி.மீ. புதியதில் 7.1. அந்த உயரத்தை ராக்கர் எத்தனை மடங்காக்குகிறது என்ற ராக்கர் விகிதம் 1.5 என்று மேனுவல் சொல்கிறது. அதன்படி புதிய கேம் வால்வை 10.65 மி.மீ. தூக்க வேண்டும். அதில் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் டேப்பட் இடைவெளி 0.35 கழித்தால் 10.3. கேமோடு வந்த தாளிலும் 10.3 என்றே போட்டிருந்தது. ஆனால் வால்வின் தலையில் டயல் கேஜை வைத்து கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தபோது 10.0-தான் வந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன், 10.0-தான். என் ராக்கரின் உண்மையான விகிதம் 1.46 என்று கணக்குப் போட்டதும் தெரிந்தது. தாளில் இருப்பதை நம்பாமல் அளந்து பார்த்தது நான் முதலிலேயே சரியாகச் செய்த காரியம்.

அடுத்து ஸ்பிரிங். கழற்றிய பழைய ஸ்பிரிங்கை வைஸில் வைத்து, சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்வரை இறுக்கி வெர்னியரில் அளந்தேன். 27.5 மி.மீ. ஹெட்டில் பொருத்திய நிலையில் அதன் உயரம் 40. வால்வு 10 மி.மீ. இறங்கினால் 30 ஆகும். இன்னும் 2.5 மி.மீ. மிச்சம் இருக்கிறது. சுற்றுகள் முட்டாமல் குறைந்தது 1.5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும் என்பது பொதுவாக எல்லாரும் பின்பற்றும் அளவு. அதைத் தாண்டிவிட்டது, முட்டாது, அப்புறம் எதற்குப் புது ஸ்பிரிங் என்று பழையதையே திரும்பப் போட்டேன்.

முதல் தவறு இதுதான். ஸ்பிரிங் முட்டுமா என்று மட்டும் பார்த்தேன். அதற்கு எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்க்கத் தவறவில்லை. பிஸ்டன் தலையில் மெல்லிய களிமண் பட்டையை ஒட்டி, ஹெட்டை மாட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, களிமண்ணை பிளேடால் வெட்டி அளந்தேன். இன்லெட் பக்கம் 2.6, எக்ஸாஸ்ட் பக்கம் 3.1 மி.மீ. இன்லெட்டுக்கு 2, எக்ஸாஸ்டுக்கு 2.5 இருந்தால் போதும் என்பார்கள். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது இந்த மிச்ச தூரம்தான் பிஸ்டனைக் காப்பாற்றியது.

ஓட்டிப் பார்த்தேன். 3000-க்கு மேல் இழுவை அருமையாக இருந்தது. 5600-ஐ நெருங்கியதும் படபடவென்று ஒரு சத்தம், அதற்கு மேல் என்ஜின் ஏறவே இல்லை. இக்னிஷன் தவறுகிற மாதிரியே இருந்தது. அதனால் இக்னிஷனைத்தான் சந்தேகப்பட்டேன். பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன், கார்பரேட்டர் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கினேன், பெட்ரோல் பம்ப்பின் அழுத்தத்தை அளந்தேன். மூன்று வாரக் கடைசி நாட்கள் இதிலேயே போயின.

எந்த கியரில் போனாலும், ஆக்ஸிலரேட்டர் பாதி மிதித்தாலும் முழுக்க மிதித்தாலும், அதே 5600-இல் அதே சத்தம் வருகிறது என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். பெட்ரோல் பற்றாக்குறையாக இருந்தால் லோடைப் பொறுத்து அந்த இடம் மாறியிருக்கும். நியூட்ரலில் நிறுத்தி வைத்து ஏற்றினாலும் 5600-தான். அப்போதுதான் இது வால்வு மிதப்பது என்று புரிந்தது. வால்வைத் திறப்பது கேமின் வேலை, மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. லோபின் உச்சியைத் தாண்டியதும் வால்வு, ராக்கர், புஷ் ராட், டேப்பட் எல்லாவற்றையும் கேமோடு ஒட்டி இறக்கிக் கொண்டுவர வேண்டியது ஸ்பிரிங். தெம்பு போதாவிட்டால் அவை கேமை விட்டுக் கிளம்பிவிடும். திரும்பி வந்து, வால்வு உட்காரும் இடமான சீட்டில் மோதும்போது வால்வு துள்ளும். நான் கேட்ட படபட சத்தம் அதுதான்.

ஸ்பிரிங்கின் அழுத்தத்தை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. உடல் எடை பார்க்கும் மெஷினைத் தூண் டிரில்லின் மேடையில் வைத்து, அதன் மேல் ஒரு தடித்த இரும்புத் தட்டு, அதன் மேல் ஸ்பிரிங், டிரில் சக்கில் ஒரு தட்டையான உருளை என்று ஏற்பாடு செய்துகொண்டேன். கைப்பிடியை இழுத்து அழுத்தினால் எடை காட்டும். ஸ்பிரிங் நழுவித் தெறித்தால் கண் போய்விடும். அதனால் உருளையின் நடுவில் ஒரு கம்பியை இறக்கி, அது ஸ்பிரிங்கின் உள்ளே போகிற மாதிரி வைத்தேன். கண்ணாடியும் போட்டுக்கொண்டேன்.

முதல் சுற்று அளவெல்லாம் பிசகு. டிரில்லில் உள்ள ஆழ அளவுகோலை வைத்து 40 மி.மீ. என்று நிறுத்தினேன். ஆனால் எடை ஏற ஏற மேடை வளைகிறது, மெஷினின் மேல்தட்டும் உள்ளே இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து 1.3 மி.மீ. வித்தியாசம் வந்தது. அதனால் ஸ்பிரிங்கின் கீழ்த் தட்டுக்கும் மேல் உருளைக்கும் நடுவே நேராக வெர்னியரை வைத்து உயரத்தைப் பார்த்து, அதே நொடியில் எடையைப் படித்தேன். இதற்கு இரண்டு பேர் வேண்டும். தம்பி கைப்பிடியைப் பிடித்தான், நான் அளந்தேன்.

புதிதாக இருந்தபோது இந்த ஸ்பிரிங் 40 மி.மீ. உயரத்தில் 32 கிலோ தாங்க வேண்டும் என்று மேனுவல் சொல்கிறது. எட்டில் சராசரி 27 கிலோ, மிகக் குறைந்தது 25. 30 மி.மீ.க்கு அழுத்தினால் 67 கிலோ. மி.மீ.க்கு 4 கிலோ வீதம் ஏறுகிறது. வால்வு மூடியிருக்கும்போது உள்ள அந்த முதல் எண்ணை சீட் பிரஷர் என்பார்கள், முழுக்கத் திறந்திருக்கும்போது உள்ளதை ஓபன் பிரஷர். என் பழைய கேமுக்கு இது தாராளம். புதிய கேமுக்கு லிஃப்டும் கூடுதல், திறந்து மூடும் வேகமும் கூடுதல். போதவில்லை.

சரி, தெம்பு போதவில்லை என்றால் இருப்பதிலேயே கெட்டியானதைப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். இரண்டாவது தவறு இங்கே தொடங்குகிறது, முதல் தவறைவிடப் பெரியது.

வாங்கியது இரட்டை ஸ்பிரிங். வெளிச் சுற்று ஒரு திசையிலும் உள்சுற்று எதிர்த் திசையிலும் சுற்றியிருக்கும். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். 40 மி.மீ.யில் 58 கிலோ, 30 மி.மீ.யில் 150 கிலோ. கையில் எடுத்தபோதே கனமாக இருந்தது, அதுவே எனக்கு ஒரு நம்பிக்கை தந்தது.

அதை ஹெட்டில் உட்கார வைப்பதே பெரிய வேலையாகிவிட்டது. வெளிவட்டம் 33.5 மி.மீ., ஹெட்டில் உள்ள குழி 31.5 மி.மீ. குழியைக் கட்டர் விட்டு 34-க்கு அகலப்படுத்தினேன். அந்த இடத்தில் கீழே தண்ணீர் ஓடும் பாதை இருக்கும், ஆழமாக வெட்டினால் ஓட்டை விழுந்துவிடும். அதனால் பக்கவாட்டில் மட்டும் வெட்டினேன். அடுத்து ரிட்டெய்னர், ஸ்பிரிங்கின் மேல்முனையைப் பிடித்து வால்வோடு சேர்க்கும் வட்டத் தட்டு. இரட்டை ஸ்பிரிங்கின் ரிட்டெய்னருக்கு அடிப்பக்கம் உள்சுற்றுக்காக ஒரு படி இறங்கியிருக்கும். அந்தப் படிக்கும் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடின் மேல் உள்ள ஆயில் சீலுக்கும் நடுவே 10.6 மி.மீ.தான் இருந்தது. வால்வு 10 இறங்கினால் 0.6 மிச்சம். சூட்டில் விரிந்து, வேகத்தில் கொஞ்சம் தாண்டினால் சீலை நசுக்கிவிடும். லேத் வேலை செய்யும் நண்பர் எட்டு கைடின் தலையையும் 1.2 மி.மீ. குறைத்துக் கொடுத்தார். இப்போது 1.8 மிச்சம்.

இவ்வளவும் பொறுமையாகச் செய்தேன். அந்தப் பொறுமையைப் புது ஸ்பிரிங்கோடு என்ஜினை முதல் முறை ஓட்டும்போது காட்டவில்லை.

இந்த ஸ்பிரிங் போடும்போதே டேப்பட்களையும் வெளியே எடுத்துத் துடைத்தேன். எந்த டேப்பட் எந்த லோபில் ஓடியதோ அதே இடத்தில்தான் திரும்பப் போட வேண்டும். நம்பர் போட்ட தட்டில் வரிசையாக வைத்தும், நடுவில் தட்டு ஒரு முறை சரிந்து இரண்டு டேப்பட் உருண்டன. அவற்றைச் சரியான இடத்தில்தான் வைத்தேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று புது டேப்பட் எட்டு வாங்கிப் போட்டேன். புது டேப்பட் என்றால் கேமோடு அது பழக வேண்டும். தட்டை டேப்பட் என்று சொன்னாலும் அதன் அடி மிக லேசாகக் குவிந்திருக்கும், லோபும் லேசாகச் சரிந்திருக்கும். அதனால் டேப்பட் ஓடும்போது தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் இருபது முப்பது நிமிடத்தில் இந்த இரண்டு பரப்பும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டால் ஆயுள் முழுக்க ஓடும். அந்த முதல் அரை மணியில் கெட்டி ஸ்பிரிங் அழுத்தினால் ஆயில் படலம் கிழிந்து இரும்பு இரும்பைத் தின்னும். அதனால்தான் இரட்டை ஸ்பிரிங் போடுகிறவர்கள் முதல் ஓட்டத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெளி ஸ்பிரிங்கோடு மட்டும் ஓட்டுவார்கள். இது எனக்குத் தெரியும். எட்டு வால்வையும் இன்னொரு முறை கழற்ற வேண்டுமே என்று மலைத்து, இரண்டு ஸ்பிரிங்கோடும் ஓட்டினேன்.

2000-க்கும் 2500-க்கும் நடுவே வைத்து 25 நிமிடம் ஓட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது போலத்தான் தெரிந்தது. 6800-க்கும் ஏறியது. நாலு நாள் சந்தோஷமாக ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் ஒரு டிக் டிக் சத்தம். மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட். இடைவெளி 0.35 வைத்தது 0.80 ஆகியிருந்தது. சரிசெய்து ஓட்டினேன், அடுத்த நாள் மறுபடி கூடியது. ஆயிலை இறக்கி, ஃபில்டரை அரத்தால் அறுத்து, உள்ளே இருந்த தாளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். மடிப்புக்கு மடிப்பு சாம்பல் நிறத்தில் பளபளவென்று பொடி. விரலில் தேய்த்தால் ஈயப் பென்சில் கிறுக்கிய மாதிரி ஒட்டியது. அதைப் பார்த்த நிமிடமே என்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

டேப்பட்டின் அடி குவிந்திருக்க வேண்டியது, கிண்ணம் மாதிரி 0.3 மி.மீ. குழிந்திருந்தது. அதில் ஒரே திசையில் கோடுகள். சுற்றிய டேப்பட்டில் வட்ட வட்டமாகத் தடம் இருக்கும், இதில் நேர்க்கோடு. சுற்றவே இல்லை என்று அர்த்தம். அந்த லோபின் உச்சியில் 0.9 மி.மீ. காணோம். இன்னும் இரண்டு லோபில் தேய்மானம் தொடங்கியிருந்தது. இரும்புப் பொடி ஆயிலோடு போனதால் கிராங்க் பேரிங்குகளிலும் கீறல்.

இன்னொரு கேமுக்காக, முதல் புதுக் கேமை அரைத்துக் கொடுத்தவரிடமே போனேன். இந்த வேலையில் முப்பது வருடம் கழித்தவர். உடைந்த சாமானைக் கையில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஸ்பிரிங் என்ன போட்டீங்க தம்பி?”

“இரட்டை ஸ்பிரிங் அண்ணே. சீட்டில் 58 கிலோ, திறந்தா 150.”

“வால்வு எத்தனை கிராம்? ரிட்டெய்னர் எத்தனை கிராம்? எத்தனை ஆர்.பி.எம். வரை ஓட்டப் போறீங்க?”

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன், 6800 என்று.

“அப்போ எதை வச்சு ஸ்பிரிங் வாங்கினீங்க?”

பதில் இல்லை. அவர் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். சீட் பிரஷர் 42 முதல் 46 கிலோ, ஓபன் பிரஷர் 100 முதல் 110 கிலோ. எடையைக் குறைக்க முடிந்தால் அதன் கீழ்முனை, முடியாவிட்டால் மேல்முனை. தட்டை டேப்பட்டில் இதற்கு மேல் போவதற்கு இந்த என்ஜினில் ஒரு காரணமும் இல்லை என்றார். ஒரே லிஃப்ட் உள்ள இரண்டு கேமுக்குக்கூட ஸ்பிரிங் வேறுபடும் என்பதையும் அவர்தான் சொன்னார். எவ்வளவு தூக்குகிறது என்பதோடு எவ்வளவு வேகமாகத் தூக்கி இறக்குகிறது என்பதும் சேர்ந்துதான் ஸ்பிரிங்கைத் தீர்மானிக்கிறது. லோபின் உருவத்தை அரைத்தவருக்குத்தான் அது தெரியும். கேம் வாங்கும்போதே கேட்டிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

அன்றைக்கு இரவே எல்லாவற்றையும் கிராம் தராசில் போட்டேன். இன்லெட் வால்வு 92 கிராம். பழைய ரிட்டெய்னர் 26, இரட்டை ஸ்பிரிங்கின் ரிட்டெய்னர் 31. ரிட்டெய்னரை வால்வுத் தண்டில் பூட்டும் லாக் இரண்டும் சேர்த்து 5. பழைய ஸ்பிரிங் 62, இரட்டை ஸ்பிரிங் 104. ஸ்பிரிங்கின் ஒரு முனை அசையாமல் நிற்பதால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அசையும் எடையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படிக் கூட்டினால் வால்வு பக்கத்தில் பழைய ஏற்பாடு சுமார் 144 கிராம், இரட்டை ஸ்பிரிங் 163 கிராம். நான் போட்ட கெட்டி ஸ்பிரிங் தன் தெம்பில் ஒரு பகுதியைத் தன்னையே இழுக்கத்தான் செலவழித்திருக்கிறது.

வால்வு பக்கத்தில் ஒரு கிராம் குறைவது முழு ஒரு கிராம் லாபம். டேப்பட், புஷ் ராட் பக்கத்தில் ராக்கர் விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், என் என்ஜினில் 2.13. அங்கே ஒரு கிராம் குறைத்தால் அரைக் கிராம்கூட லாபமில்லை. அதனால் புஷ் ராடை மெலிதாக்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது வளையாமல் இருப்பதுதான் முக்கியம். வேகத்தின் கணக்கும் இப்படித்தான் கடுமையானது. 5800-லிருந்து 6800-க்குப் போவது ஆறில் ஒரு பங்குதான் கூடுதல், ஆனால் ஸ்பிரிங் சமாளிக்க வேண்டிய விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இந்தத் தொல்லைக்காகவே ரெனோ 1986-இல் ஃபார்முலா ஒன் என்ஜினில் கம்பி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காற்றழுத்தத்தால் வால்வை மூடும் முறைக்குப் போனது.

மூன்றாவது செட், தேன்கூடு வடிவ ஸ்பிரிங். கீழே 31 மி.மீ. அகலம், மேலே போகப் போகக் குறுகும். மேல்முனை சிறியது என்பதால் ரிட்டெய்னரும் சிறியது, 14 கிராம்தான். ஸ்பிரிங் 66 கிராம். மொத்தம் அசையும் எடை 133, இரட்டை ஸ்பிரிங்கைவிட 30 கிராம் குறைவு. சுற்றுகளின் அகலம் மாறிக்கொண்டே போவதால் ஒரே வேகத்தில் முழு ஸ்பிரிங்கும் சேர்ந்து அதிரும் தொல்லையும் குறைகிறது. என் கருவியில் 40.1 மி.மீ.யில் 44 கிலோ, 30.1-இல் 108 கிலோ. சுற்றுகள் முட்டும் உயரம் 28.2, ஆக 1.9 மி.மீ. மிச்சம். ஒரே அளவில் பத்து வாங்கி, பத்தையும் அளந்து, ஒன்றுக்கொன்று நெருக்கமான எட்டைப் போட்டு மீதி இரண்டை வைத்துக்கொண்டேன்.

முன்னே குழியை 34-க்கு வெட்டிவிட்டதால் 31 மி.மீ. ஸ்பிரிங் அதில் ஆடும். ஆடினால் அடி தேயும். அதனால் 1 மி.மீ. தடிமன் உள்ள இரும்புக் கிண்ணத்தை அடியில் வைத்தேன். அந்த வெட்டை வெட்டாமல் இருந்திருந்தால் இந்தச் செலவு இல்லை.

பொருத்திய உயரத்தை அளந்தது எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகப் பிடித்த பகுதி. கிண்ணத்தை வைத்து, வால்வைச் செருகி, ஸ்பிரிங் இல்லாமல் ரிட்டெய்னரையும் லாக்கையும் மட்டும் மாட்டி, ரிட்டெய்னரைக் கையால் மேலே இழுத்துப் பிடித்து, கிண்ணத்துக்கும் ரிட்டெய்னருக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். வெர்னியரின் உள்வாய் சாய்ந்து சாய்ந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டியது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பித்தளைக் குழாயை லேத்தில் கடைந்து, பக்கத்தில் ஒரு திருகு வைத்து வாங்கிக்கொண்டேன். உள்ளே விரித்து, திருகை இறுக்கி, வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால் மூன்று தடவையும் ஒரே எண் வருகிறது.

எட்டு வால்வுகளில் மிகக் குறைவு 40.1, மிக அதிகம் 41.0. முன்பு ஒரு காலத்தில் சில சீட்டுகளை மட்டும் அரைத்திருக்கிறார்கள். சீட்டை அரைத்தால் வால்வு உள்ளே போகும், தண்டு மேலே நீளும், ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் உயரம் கூடும். 0.9 மி.மீ. என்றால் சின்ன அளவு மாதிரி தெரியும், ஆனால் மி.மீ.க்கு 6.4 கிலோ ஏறும் ஸ்பிரிங்கில் அது கிட்டத்தட்ட 6 கிலோ. 44 கிலோ என்று நினைத்துப் போட்டது ஒரு வால்வில் 38-ஆக உட்கார்ந்திருக்கும். 0.4, 0.8 மி.மீ. தடிமனுள்ள ஷிம் வளையங்களை ஸ்பிரிங்கின் அடியில் வைத்து எட்டையும் 40.0-க்கும் 40.2-க்கும் நடுவே கொண்டுவந்தேன். ஒவ்வொரு வால்வுக்கும் எந்த ஷிம் என்று ஹெட்டிலேயே மார்க்கரில் எழுதினேன். ரிட்டெய்னருக்கும் சீலுக்கும் இடையே இப்போது முழு லிஃப்டில் 2 மி.மீ. இருக்கிறது.

தேன்கூடு ஸ்பிரிங்கில் கழற்ற உள் ஸ்பிரிங் கிடையாது. அதனால் முதல் ஓட்டத்துக்குப் பழைய 27 கிலோ ஸ்பிரிங்கையே பழைய ரிட்டெய்னரோடு போட்டேன். புதுக் கேம், புது டேப்பட், லோப்களில் மாலிப்டினம் பசை, துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள ஆயில். பழைய ராக்கர் கவர் ஒன்றின் மேல்பக்கத்தை அறுத்து ஜன்னல் மாதிரி ஆக்கி மாட்டினேன். ஒவ்வொரு புஷ் ராடின் மேலும் ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் நேரே 2000-க்குக் கொண்டுபோய், 2000-க்கும் 2500-க்கும் நடுவே ஏற்றி இறக்கி 25 நிமிடம். எட்டு வெள்ளைக் கோடும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. புஷ் ராட் சுற்றுகிறது என்றால் டேப்பட் சுற்றுகிறது. ஆயில் முகத்தில் தெறித்தாலும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆயிலை இறக்கி ஃபில்டரை அறுத்தேன். அசெம்ப்ளிப் பசையின் கருப்பு மட்டும் இருந்தது, பளபளப்பு இல்லை.

அப்புறம் ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங் மாற்றினேன். இதற்கு 8 மி.மீ. நைலான் கயிறு போதும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் சுற்றில் பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றை ஒன்றரை மீட்டர் உள்ளே விட்டு, வெளிமுனையில் ஒரு முடிச்சுப் போட்டு, கிராங்கைக் கையால் மேலே சுற்றினால் கயிறு சுருண்டு வால்வை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும். ரிட்டெய்னரின் மேல் ஒரு சாக்கெட்டை வைத்து லேசாக ஒரு தட்டு தட்டினால் லாக் இளகும். அப்படித் தட்டாமல் அழுத்தினால் ஸ்பிரிங் கம்ப்ரஸரே வளைகிறது. ஆயில் இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடைத்துக்கொண்டேன். திரும்ப மாட்டும்போது தண்டின் பள்ளத்தில் ஒரு துளி கிரீஸ் தடவினால் லாக் அதில் ஒட்டி நிற்கும். முதல் வால்வுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, எட்டாவதுக்குப் பத்து நிமிடம். புது ஸ்பிரிங்கை எங்கேயும் பிளையரால் பிடிக்கவில்லை. கம்பியில் ஒரு கீறல் விழுந்தால் ஸ்பிரிங் அந்த இடத்தில்தான் உடையும்.

ஸ்பிரிங் மாற்றியதும் உடனே விரட்டவில்லை. 2000-க்குள் வைத்து முழுச் சூடு வரும்வரை ஓட்டி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் ஒரு முறை அதே மாதிரி. புது ஸ்பிரிங் முதல் சூட்டில் கொஞ்சம் தளர்ந்து நிலைக்கு வரும், அதை லோடு இல்லாமல் வரவிடுவது நல்லது. 1500 கிலோமீட்டர் கழித்து ஒன்றை மட்டும் கழற்றி அளந்தேன், 44 கிலோ 42.5 ஆகியிருந்தது. கேம் அரைத்தவர் சொன்ன எல்லைக்குள்தான் இருக்கிறது. இக்னிஷனில் வெட்டும் வேகத்தை 6900-இல் வைத்திருக்கிறேன்.

செலவைச் சொன்னால், தேன்கூடு ஸ்பிரிங், ரிட்டெய்னர், கிண்ணம், ஷிம் எல்லாம் சேர்ந்து ஒரு கேமின் விலையில் பாதிகூட வரவில்லை. இரட்டை ஸ்பிரிங், கட்டர் வேலை, கைடு வேலை, இரண்டாவது கேம், டேப்பட், பேரிங், கேஸ்கட் எல்லாம் கூட்டினால் மூன்று கேம் வாங்கியிருக்கலாம். அடுத்த என்ஜினில் கேம் ஆர்டர் கொடுக்கும் அன்றே வால்வு, ரிட்டெய்னர் எடைகளை எடுத்துக்கொண்டு போய் அரைப்பவரிடமே ஸ்பிரிங் எண்ணைக் கேட்பேன். ஹெட்டில் எதையும் வெட்டும் முன்பு வெட்டாமல் பொருந்தும் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்ப்பேன். எக்ஸாஸ்ட் ஸ்பிரிங்கையும் ஒரு முறை கழற்றி அளக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. இதுவரை இன்லெட்டில் ஒன்றைத்தான் பார்த்தேன், சூடு அதிகம் எக்ஸாஸ்ட் பக்கம்.

எட்டு வால்வின் உயரம், ஷிம், சீட் பிரஷர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ராக்கர் கவரின் உள்பக்கம் ஒட்ட முடியாது என்பதால், ஏர் ஃபில்டர் மூடியின் உள்ளே ஒட்டியிருக்கிறேன். மீதி இரண்டு ஸ்பிரிங்கும் ஆயில் தடவிய துணியில் சுற்றி டூல் பாக்ஸின் அடித்தட்டில் இருக்கின்றன. அடுத்த அளவு 5000 கிலோமீட்டரில், மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்டிலிருந்து.